வராதவர் முதலில் பேசுவார்

பருத்திப்பட்டு
10.6.2025

என் அன்பு நிவி,

முதலிலேயே ஒரு வாக்குக் கொடுத்துவிடுகிறேன். நம் வாசகர் வட்டத்தில் நடப்பதை நடந்தபடியே உனக்கு எழுதுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். யார் கொட்டாவி விட்டார் என்பது வரைக்கும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை போன் அப்பா அம்மாவுக்கு மட்டும்தான் என்று உன் விடுதியில் சட்டம் போட்டிருக்கிறார்களே, அப்புறம் உனக்குக் கண்ணும் காதும் நான்தானே.

நேற்று முன்தினக் கூட்டம் உங்கள் குடியிருப்புச் சங்க ஹாலில்தான் நடந்தது. ஏரிப் பக்கத்து ஜன்னலைத் திறந்தால் கொசு, மூடினால் புழுக்கம். ஹேமநாதன் அங்கிள் மூடச் சொன்னார், பவ்யா அக்கா திறக்கச் சொன்னார். கடைசியில் பாதி திறந்து வைத்தோம். கொசு, புழுக்கம் இரண்டும் கிடைத்தன. அங்கிள் ஓய்வு பெற்ற பிறகு இன்னும் அதிகமாக வாதாடுகிறார். பவ்யா அக்கா ஐடி கம்பெனி அட்டையைக் கழுத்திலிருந்து கழற்ற மறந்து, ஞாயிற்றுக்கிழமையும் அதோடு வந்திருந்தார்.

நீ இல்லாமல் உன் அம்மா முகம் நன்றாகவே இல்லை. அதனால் நான் எழுந்து ஒரு யோசனை சொன்னேன். வெளியூரில் இருக்கும் உறுப்பினர்கள் புத்தகத்தைப் பற்றி எழுதி அனுப்பலாம், அதைக் கூட்டத்தில் படிக்கலாம் என்றேன். கடைசியில் படித்தால் எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள், அதனால் முதலிலேயே படித்துவிட வேண்டும் என்றும் சொன்னேன். ஜெராக்ஸ் கடை பூபாலன் அண்ணன், "இன்னாம்மா இது, வராதவங்களுக்குத்தான் மொத மரியாதையா? அப்ப அடுத்த மாசம் நானும் வரல" என்றார். எல்லோரும் சிரித்தோம். உன் அம்மா அப்போதே நோட்டீஸ் பலகையில் எழுதிவிட்டார்: வராதவர் முதலில் பேசுவார்.

ஜூலைக்கு எடுத்திருக்கும் நாவல் 'கோமதியின் வெளியூர்'. சீட்டுக் குலுக்கியதில் முதல் பேச்சு எனக்கு விழுந்தது. பெரியவர்களுக்கு முன்னால் பேசப் போகிறேன் நிவி. உனக்கும் ஒரு பிரதியை உன் அம்மா தபாலில் அனுப்புகிறார். சீக்கிரம் படி. பக்கத்துக்குப் பக்கம் சண்டை போடலாம்.

உன்னுடைய பாதி,
ஹிபா


ராசிபுரம்
21.6.2025

ஹிபு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மெஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த பெண் எனக்குக் காய்ச்சலா என்று கேட்டாள். இங்கே யாரும் சிரிப்பதில்லை. விடியற்காலையில் எழுப்பி உயிரியல், பல் தேய்த்துவிட்டு வேதியியல், சாப்பிட்டுவிட்டுத் தேர்வு. நான் கடைசி பெஞ்சுக்காரி ஆகிவிட்டேன். அம்மாவிடம் சொல்லிவிடாதே.

நாவல் வந்தது. ஆனால் வார்டன் மேடம் உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு எடுத்து வைத்துக்கொண்டார். கதைப் புத்தகம் நீட் முடிந்த பிறகாம். அம்மா போனில் மார்க்கைக் கேட்டு ஒரு பெருமூச்சு விட்டாள், பிறகு நாவல் எப்படி இருக்கிறது என்றாள். அந்தப் பெருமூச்சுக்கு மேல் இன்னொன்றைத் தாங்க முடியாமல் பாதி முடித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அதனால் எனக்காகவும் நீயே படி. கதையை விரிவாக எழுது. உனக்கு என்ன தோன்றியது, எதனால் தோன்றியது, எல்லாம் வேண்டும். நீ எழுதினால் நானே படித்த மாதிரி.

உன் நிவி


பருத்திப்பட்டு
29.6.2025

என் அன்பு நிவி,

முதலில் பெரிய செய்தி. இந்தக் கூட்டத்துக்கு என் அம்மா வருகிறார்! நான் பேசுவதைக் கேட்க வேண்டுமாம். பூந்தமல்லியில் அத்தாவின் பாத்திரக் கடைக்குப் பக்கத்தில் சமோசா போடுபவரிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டார். வெறுங்கையோடு போகக் கூடாதாம். எந்தப் புடவை கட்டுவது என்று என்னிடம் கேட்டார். அம்மா என்னிடம் யோசனை கேட்டது எனக்கு நினைவு தெரிந்து இதுதான் முதல் தடவை.

இனி நாவல். கோமதி அம்பத்தூர் தொழிற்பேட்டையில் துணி தைக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஒருநாள் மாலை ரயிலில் வரும்போது அவள் இறங்க வேண்டிய நிலையம் வருகிறது. அவள் இறங்கவில்லை. யாரும் எதுவும் செய்துவிடவில்லை, சண்டையும் இல்லை. சும்மா உட்கார்ந்தே இருக்கிறாள். அரக்கோணம் போய், கூட வேலை செய்யும் பெண்ணின் வீட்டில் தங்கிவிடுகிறாள். சில நாள் கழித்துத் திரும்பி வருகிறாள். கதவைத் திறக்கும் மாமியார் கேட்பது ஒரே கேள்விதான்: "கறிவேப்பிலை வாங்கினியா?" அவ்வளவுதான். கடைக்குப் போய்விட்டு வந்தவளைப் போல வீடு அவளை உள்ளே சேர்த்துக்கொள்கிறது.

பின்னட்டையில் இதை மன்னிப்பு என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை நிவி. எங்கே போனாய் என்று கேட்காமல் இருப்பதுதான் அந்த வீடு கொடுத்த தண்டனை. கேட்டிருந்தால் அவள் பதில் சொல்லியிருப்பாள். பதில் சொல்லத்தான் திரும்பி வந்தாள் என்று நினைக்கிறேன். இதைத்தான் கூட்டத்தில் பேசப் போகிறேன்.

எதனால் தோன்றியது என்றும் கேட்டிருந்தாய். இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

நான் எட்டாவது படித்தபோது ஒருநாள் பள்ளி விட்டு வந்தால் அம்மா வீட்டில் இல்லை. வேப்பம்பட்டில் பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பார்க்கப் போயிருக்கிறாள் என்று அத்தா அக்கம்பக்கத்தில் சொன்னார். ஆனால் நான் பெரியம்மாவோடு போனில் பேசினேன், நன்றாகத்தான் இருந்தார். பின்னாலிருந்து குக்கர் விசில் கேட்டது, அம்மா இருமுவதும் கேட்டது. அம்மாவிடம் கொடுங்கள் என்று கேட்க எனக்கு ஏனோ வாய் வரவில்லை. சில நாள் கழித்து அம்மா வந்துவிட்டார். அத்தா ஒன்றும் கேட்கவில்லை, டீ மட்டும் கேட்டார். நான் கேட்டது என்ன தெரியுமா? "என் வெள்ளை ஷூ எங்கம்மா?" மறுநாள் புதன்கிழமை, வெள்ளை ஷூ போட்டுப் போக வேண்டிய நாள். அம்மா பையைக் கீழே வைக்காமலே போய் ஷூவைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

இன்றுவரை நான் கேட்கவில்லை. நாவலைப் படித்தபோது அந்த மாமியாரின் குரல் என் குரலைப் போலக் கேட்டது. இதை நான் கூட்டத்தில் சொல்ல மாட்டேன். நாவலை மட்டும்தான் பேசுவேன். இது உனக்கு.

உன்னுடைய பாதி,
ஹிபா


ராசிபுரம்
7.7.2025

ஹிபு,

உன் கடிதத்தைத் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன். திரும்பத் திரும்பப் படித்தேன். நீ எழுத்தாளர் ஆகப் போகிறாய், எழுதி வைத்துக்கொள். கூட்டத்துக்கு நானும் இரண்டு பக்கம் எழுதி அம்மாவுக்கு அனுப்பிவிட்டேன். நாளை உயிரியல் தேர்வு. நன்றாகப் பேசு. பயப்படாதே.

நிவி


பருத்திப்பட்டு
14.7.2025

நிவிக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

நேற்று அம்மா நீலத்தில் வெள்ளைப் பூப்போட்ட புடவை கட்டிக்கொண்டு வந்தார். முக்காட்டுக்கு ஊசி குத்தும்போது கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஹாலில் உன் அம்மா கையைப் பிடித்து அழைத்துப் போய் முன்வரிசையில் உட்கார வைத்தார். "ஹிபா அம்மா, உங்க பொண்ணு இன்னிக்குக் கலக்கப் போறா பாருங்க" என்றார். அம்மா வெட்கப்பட்டு, சமோசாப் பொட்டலத்தைப் பிரித்துத் தட்டில் அடுக்கினார்.

வராதவர் முதலில் பேசுவார் என்ற முறைப்படி உன் அம்மா உன் தாள்களை எடுத்தார். "ஹாஸ்டல்ல அவ்வளவு படிப்புக்கு நடுவுல என் பொண்ணு எழுதியிருக்கா" என்று சொல்லித் தாள்களை உயர்த்திக் காட்டினார். நான் முதல் ஆளாகக் கைதட்டினேன்.

முதல் பத்தி என்னுடையது. கேட்காமல் இருப்பதுதான் தண்டனை, பதில் சொல்லத்தான் திரும்பி வந்தாள். ஒரு சொல்கூட மாறவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது நிவி, நிஜமாகவே. ஒரே மாதிரி யோசித்திருக்கிறோமே என்று ஒரு நொடி முட்டாள்தனமாகச் சந்தோஷப்பட்டேன். அடுத்து உன் அம்மா படித்தார்: "எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இது உண்மையாகவே நடந்தது."

வேப்பம்பட்டு, குக்கர் விசில், இருமல், டீ. அப்புறம் வெள்ளை ஷூ. பையைக் கீழே வைக்காமல் தேடி எடுத்துக் கொடுத்த அந்தத் தாய். நீ கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தாய்: "அந்தச் சிறுமி இன்றும் கேட்கவில்லை." நான் உனக்கு அழுதுகொண்டே எழுதியது அங்கே கைதட்டல் வாங்கியது.

அம்மா பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் இல்லை. கைகளை மட்டும் பார்த்தேன். தட்டை ஏந்தியபடி அப்படியே இருந்தார்.

அதற்குப் பிறகு யாருமே நாவலைப் பேசவில்லை. எல்லோருக்கும் அந்த நிஜ வீடுதான் வேண்டியிருந்தது. ஹேமநாதன் அங்கிள், பிள்ளையை விட்டுவிட்டுப் போக ஒரு தாய்க்கு எப்படி மனசு வரும் என்று ஆரம்பித்தார். பவ்யா அக்கா, போனதில் தப்பே இல்லை, திரும்பி வந்ததுதான் கோழைத்தனம், அந்த அம்மாவின் மேல் இருந்த மரியாதையே போய்விட்டது என்றார். அம்மா எழுந்து சமோசா கொடுக்கத் தொடங்கினார். ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து தட்டை நீட்டினார். அவர்கள் எடுத்துக்கொண்டே பேசினார்கள். பூபாலன் அண்ணன் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து, "அக்கா ஊட்டுக்குத்தான் போச்சுன்னு யாரு பாத்தது? அது ஊட்டுக்காரரு ஊருக்கு அவுத்து உட்டதா இருக்கும். இன்னா மேட்டரோ" என்று சொல்லிக் கண்ணடித்தார். சிலர் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது. பெயர் தெரியாத ஒருத்தியைப் பற்றி நல்லவர்களும் சிரிக்கும் சிரிப்புதான். "சூடு ஆறிடும், சட்னி தொட்டுக்கங்க" என்றார் அம்மா.

உன் அம்மா நல்ல மனதோடுதான் கேட்டார், அதையும் எழுதிவிடுகிறேன். புதிதாக வந்தவர் பேசாமல் இருக்கிறாரே என்று நினைத்து, "நீங்க சொல்லுங்க வஹீதா, அந்தம்மா ஏன் திரும்பி வந்திருப்பாங்க?" என்றார்.

அம்மா தட்டை மேசை மேல் வைத்தார்.

"அது எதுக்குங்க நமக்கு? கதையில கீற கோமதிய பேசுங்க. அவளுக்கு வலிக்காது."

யாருக்கும் எதுவும் புரிந்த மாதிரி இல்லை. ஹேமநாதன் அங்கிள், "சரியாச் சொன்னீங்கம்மா, விவாதம் தடம் மாறிடுச்சு" என்று பாராட்டினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்து நின்றேன். பேச என்னிடம் இருந்ததெல்லாம் உன் பெயரில் ஏற்கெனவே பேசியாயிற்று. இன்னும் படித்து முடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். இரண்டு தடவை படித்தவள் நான் என்று அம்மாவுக்குத் தெரியும். "பரவால்லம்மா, நிவேதிதாவப் பாத்துக் கத்துக்க" என்றார் பூபாலன் அண்ணன்.

வீட்டுக்கு ஏரிக்கரை வழியாக நடந்தோம். பாதி தூரத்தில் அம்மா, "நல்லா எழுதிக்கீது அந்தப் பொண்ணு" என்றார். நான்தான் உனக்குச் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டேன். அடிப்பார், திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"ராசிபுரம் வரிக்கும் எழுதினியே. அடுத்த ரூம்லதான கீறேன். எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கத் தோணலயா?"

அவ்வளவுதான் சொன்னார். இரவு வழக்கம்போல எனக்குத் தோசை சுட்டார்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தக் கடிதத்தின் முதல் பத்தியில்தான் என் அம்மா கூட்டத்துக்கு வருகிறார் என்று எழுதியிருந்தேன். ஷூவைப் பற்றி நீ எழுதும்போது என் அம்மா உன் நினைவுக்கு வந்தாரா?

ஹிபா


ராசிபுரம்
25.7.2025

என் ஹிபுவுக்கு,

உன் கடிதம் வந்து பல நாள் ஆகிறது. நாலு தடவை எழுதிக் கிழித்தேன். நீ எப்போதும் உண்மையை எழுதுகிறவள். அதனால் நானும் உண்மையையே எழுதுகிறேன். வரவில்லை. உன் அம்மா வருவார் என்பதைப் படித்தேன், மறந்துவிட்டேன். அந்த ஷூ வரி அவ்வளவு நன்றாக இருந்தது ஹிபு, அதை விட்டுவிட எனக்கு மனசே வரவில்லை. அது யாருடைய ஷூ என்று அப்போது நான் நினைக்கவே இல்லை.

ஆனால் நீயும் கொஞ்சம் யோசி. நான் யார் பெயரையும் போடவில்லை. நீ சொல்லாதவரை அது யார் வீடு என்று அங்கே யாருக்கும் தெரியாது. நீ எனக்கு எழுதியதை எனக்குக் கொடுத்ததாகத்தான் நினைத்தேன். நாம் எதைத்தான் பகிர்ந்துகொள்ளவில்லை? ஒன்பதாவதில் உன் அறிவியல் படங்களை எல்லாம் நான்தானே வரைந்தேன்.

போன ஞாயிறு அம்மா போனில் மார்க்கைக் கேட்கவே இல்லை. எல்லோரும் கைதட்டியதைச் சொல்லிச் சொல்லி ஐந்து நிமிடமும் முடிந்துவிட்டது. இங்கே வந்ததிலிருந்து நான் அழாமல் போனை வைத்தது அன்றுதான். நான் நாவலைத் தொடக்கூட இல்லை என்று அம்மாவிடம் சொல்லிவிடாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

உன் அம்மாவிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீயே எனக்காக ஏதாவது சொல்லிவிடு. உனக்குச் சொல்லத் தெரியும்.

அப்புறம், ஆகஸ்டு மாதப் புத்தகம் என்ன? அடுத்த கட்டுரை எப்போது வரும் என்று அம்மா இப்போதே கேட்கிறாள். கதையை மட்டும் எழுதினால் போதும். வீட்டு விஷயம் எதையும் தொட மாட்டேன், சத்தியம்.

உன் நிவி


பருத்திப்பட்டு
11.8.2025

நிவேதிதாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கடைசிப் பத்தியைப் பல தடவை படித்தேன். வேறு ஏதாவது பொருள் இருக்குமோ என்று தேடிப் பார்த்தேன்.

உன் அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். நேற்றுக் கூட்டத்துக்கு முன்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உனக்குக் கடிதம் போட்டேனா, இந்த மாதம் நீ ஏன் எதுவும் அனுப்பவில்லை என்று கேட்டார். தேர்வு நேரமாக இருக்கும் ஆன்ட்டி என்றேன். பாவம், முகம் விழுந்துவிட்டது. அவரிடம் நீ சொல்ல வேண்டியதை நீதான் சொல்ல வேண்டும். என் அம்மாவிடம் சொல்ல வேண்டியதும் அப்படியே.

இனி நாங்கள் அந்த ஹாலுக்குப் போக மாட்டோம் என்றுதான் நினைத்திருந்தேன். அம்மாதான் கிளப்பினார். "ஒரு தபா போய்ட்டு நின்னுட்டா அந்தம்மா நான்தான்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும், கெளம்பு" என்றார். அதே நீலப் புடவை. போனதும் பூபாலன் அண்ணன், "இன்னா யக்கா, சமோசா இல்லியா?" என்றார். "போன தபா துன்னுக்கினே நெறைய பேசிட்டீங்க நைனா, இன்னிக்கு வெறும் வாயில பேசுங்க" என்றார் அம்மா. ஹாலே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் நன்றாகவே பேசினேன் என்று எல்லோரும் சொன்னார்கள். எந்தப் புத்தகம், என்ன பேசினேன் என்பதை உனக்கு எழுதப் போவதில்லை.

கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கிப் பூட்டும் முறை எங்களுடையது. உன் அம்மா சாவியைக் கொடுத்துவிட்டு மேலே போய்விட்டார். இரண்டு இரண்டாக அடுக்கிக்கொண்டே போனோம். என் கையில் ஒரு நாற்காலி இருந்தது, கீழே வைக்கவில்லை, அப்படியே கேட்டேன்.

"அன்னிக்கு ஏம்மா போனீங்க?"

அம்மா அடுக்கியதிலிருந்து ஒன்றை உருவிப் போட்டு உட்கார்ந்தார். என் கையிலிருந்ததை எதிரில் போடச் சொன்னார். பிறகு சொன்னார். தொண்டை கட்டும் அளவுக்குப் பேசினார். நடுவில் ஒரு இடத்தில் சிரிக்கவும் செய்தார். போனதற்கான காரணம் என்று நான் நினைத்திருந்தது தப்பு. திரும்பி வந்ததைப் பற்றி நினைத்திருந்தது அதைவிடத் தப்பு. ஆகவே நான் உனக்கு எழுதியது தப்பு, நீ எழுதிக் கைதட்டல் வாங்கியதும் தப்பு. கோமதிக்கு அது பொருந்தலாம். என் அம்மாவுக்குப் பொருந்தவில்லை.

சரியானது என்ன என்று நீ கேட்பாய். அது அம்மா எனக்குச் சொன்னது.

தலையணை உறையில் இருக்கும் கடிதத்தைத் திருப்பி அனுப்பு என்று கேட்க நினைத்தேன். வேண்டாம். கிழித்துப் போட்டுவிடு. நான் கேட்டதற்காகவாவது அதைச் செய்வாய் என்று நம்பப் பார்க்கிறேன். விடுமுறைக்கு வந்தால் கூட்டத்துக்கு வா. உனக்கு ஒரு நாற்காலி எப்போதும் உண்டு. படித்துவிட்டு வா, நீயே பேசு. நான் எதிரில் உட்கார்ந்து கேட்பேன். இனி கடிதம் வேண்டாம்.

தேர்வுகளை நன்றாக எழுது. இதை மனதாரத்தான் சொல்கிறேன்.

பேசி முடித்தபோது வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. அந்த இரண்டு நாற்காலிகளையும் அடுக்கின் மேல் ஏற்றினோம். ஏரிப் பக்கத்து ஜன்னலை நான் சாத்தினேன். அம்மா விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார்.

ஹிபா